ஆர்சி ஊட்டு மாப்பிள்ளைக்கு முதல் வருஷ கைடு: ஓலையில இருந்து குடில் வரைக்கும்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் "நாங்க கிறிஸ்டியனுங்க"ன்னு சொன்னா அதோட விட மாட்டாங்க, "ஆர்சியா, சிஎஸ்ஐயா, இல்ல அல்லேலூயாவா?"ன்னு அடுத்த கேள்வி தானா வந்துரும். ஆர்சின்னா ரோமன் கத்தோலிக்கம், சிஎஸ்ஐன்னா தென்னிந்தியத் திருச்சபை, அல்லேலூயான்னா பெந்தெகொஸ்தே. இந்தக் கைடு ஆர்சி ஊட்டுல பொண்ணு கட்டப் போறவங்களுக்கு. அதுலயும் பேருக்கு ஆர்சியா இருந்துக்கிட்டு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயில் பக்கம் தலை காட்டிப்போட்டு மத்த ஞாயிறெல்லாம் பெங்களூர் பிஜில பத்து மணி வரைக்கும் தூங்குன பசங்களுக்கு. மருமகளா வர்ற பொண்ணுங்களுக்கும் இதே படிதான், கூட சமையக்கட்டு சிலபஸ் ஒண்ணு இருக்கு, அதை எழுத எனக்குத் தகுதி பத்தாதுங்க.

மொதல்ல ஒரு விஷயம் மனசுல வாங்கிக்கங்க. ரோமாபுரில பாப்பரசர் இருக்காரு, 2025 மே 8ல இருந்து பதினாலாம் லியோ. கோயமுத்தூர்ல ஆயர் (பிஷப்) இருக்காரு, பங்குல, அதாவது உங்க ஏரியா கோயில்ல, சாமியார் (பாதர்) இருக்காரு. ஆனா உங்க விஷயத்துல தீர்ப்பு சொல்றது அப்பத்தாதான், மாமனாரோட அம்மா. சாமியாருக்கு சில வருஷத்துக்கு ஒருக்கா டிரான்ஸ்பர் வரும், அப்பத்தாவுக்கு வராது.

படி 1: பேப்பர் வேலை

உங்கம்மா பீரோல லேமினேட் பண்ணி வெச்சிருக்கற ஞானஸ்நான சர்டிபிகேட் செல்லாதுங்க. ஆறு மாசத்துக்குள்ள எடுத்த புது காப்பி கேப்பாங்க. காரணம் இருக்கு, உறுதிப்பூசுதல், கல்யாணம் எல்லாத்தையும் ஞானஸ்நானம் வாங்குன கோயில் ரிஜிஸ்டர்லயே ஓரத்துல குறிச்சு வெப்பாங்க, புது காப்பி எடுத்தாத்தான் இந்தாளு இதுக்கு முன்னாடி எங்கயும் தாலி கட்டலைன்னு தெரியும். அதனால எந்த ஊர்ல வேலை பாத்தாலும் ஞானஸ்நானம் குடுத்த பங்குலதான் கேட்டு வாங்கணும். அங்க ரிஜிஸ்டர்ல தாத்தா பேரை வெச்சு சவரிமுத்துன்னு இருக்கும், ஆதார்ல கெவின்னு இருக்கும், ரெண்டும் ஒரே ஆளுதான்னு நம்ப வெக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிரும். லீவு போட்டுட்டே போங்க.

அப்புறம் கல்யாணத் தயாரிப்பு வகுப்பு, அதுல தூங்காதீங்க, சர்டிபிகேட் இல்லாம சாமியார் தேதி குடுக்க மாட்டாரு. அப்புறம் ஓலை. ரெண்டு பேரோட பங்குலயும் மூணு ஞாயிறு உங்க பேரை வாசிச்சு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு கேப்பாங்க. அந்த மூணு வாரமும் காலேஜ் பிரெண்ட்ஸ பகைச்சுக்காதீங்க.

தேதி பிடிக்கறதுதான் பெரிய அலும்பு. தவக்காலத்துல (ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் நோம்பு) கல்யாணம் வெக்க மாட்டாங்க, திருவருகைக் காலத்துலயும் (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம்) வெக்க மாட்டாங்க, ஆக மாசி பங்குனில பெரும்பகுதியும் டிசம்பரும் போச்சு. 'நமக்குத்தான் ஆடி கெடையாதே, மண்டபம் சும்மா கெடக்கும், வாடகையும் கொறையும்'னு நீங்க புத்திசாலித்தனமா ஒரு யோசனை சொல்வீங்க. மாமா சித்த நேரம் ஒண்ணும் பேச மாட்டாரு. அப்பறம் "நமக்கு அதெல்லாம் நம்பிக்கை இல்லைங்க மாப்ள, ஆனா ஒறம்பரை வர மாட்டாங்க"ம்பாரு. அதே மாமாதான் புது ஊட்டுக்கு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறதுன்னா பத்தரைல இருந்து பன்னெண்டு வரைக்கும் வேண்டாம்பாரு, கேட்டா டிராபிக்காம். அது ராகு காலம்னு அவரு வாயில இருந்து வராது, நீங்களும் பொட்டாட்ட இருந்துக்கங்க.

படி 2: ஞாயித்துக்கிழமை பூசை

எத்தனை மணி பூசைங்கறதுதான் சண்டையே. ஆறு மணி பூசைக்குப் போறவங்க எட்டு மணிக்காரங்களைக் கொஞ்சம் எளக்காரமாத்தான் பாப்பாங்க, பொழுதோட நடக்கற பூசைக்குப் போறவங்களைக் கணக்குலயே சேக்க மாட்டாங்க. திருப்பூர்ல இது இன்னும் மோசம், பனியன் கம்பெனில சனிக்கிழமை சம்பளம், ராத்திரி எந்நேரத்துக்கு வந்து படுத்தாங்களோ, காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு வர்றவங்களுக்கு உண்மையாலுமே மோட்சம் குடுக்கலாங்க.

டிபன் கணக்கு தெரிஞ்சுக்கங்க. நற்கருணை (பூசைல குடுக்கற அப்பம்) வாங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இருந்து ஒண்ணும் சாப்பிடக்கூடாது, தண்ணியும் மருந்தும் பரவால்ல. நல்லாக் கவனிங்க, பூசை ஆரம்பிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இல்ல, நற்கருணைக்கு. எட்டு மணி பூசைல நற்கருணை எட்டே முக்காலுக்குன்னா ஏழே முக்கால் வரைக்கும் இட்லி உள்ள போலாம், சட்டப்படி சரி. ஆனா இந்தச் சட்ட நுணுக்கத்தை அப்பத்தா முன்னாடி பேசாதீங்க, அவங்க காலத்துல நடுராத்திரில இருந்து பச்சைத்தண்ணி கூட பல்லுல படாம வந்தவங்க.

கோயில் வாசல்ல செருப்பைக் கழட்டறப்பவே இடம் பாத்துக் கழட்டுங்க, இல்லைன்னா திரும்பறப்ப வேற யாரோட செருப்போ உங்க சைஸுக்கு இருக்கும். வெளிய வேப்பமரத்தடில ஒரு ஆம்பளைக் கூட்டம் நிக்கும். பிரசங்கம் ஆரம்பிச்சதும் வெளிய வந்து, எழுந்தேற்றத்துக்கு (சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டறது) மணி அடிக்கறப்ப வாசப்படில ஒரு முட்டியை மட்டும் ஊனி, திரும்ப மரத்தடிக்கே போயிருவாங்க. அருமையான கூட்டம், பூமி விலையில இருந்து எலெக்‌ஷன் வரைக்கும் எல்லா நியூஸும் அங்க கெடைக்கும். முதல் வருஷம் அந்தப் பக்கம் போகாதீங்க, மாமா அங்கதான் நிப்பாரு.

பிரசங்கத்தை விட அறிவிப்புதான் நீளம்: சந்தா பாக்கி, வண்டியைக் குறுக்க நிறுத்தாதீங்க, மரியாயின் சேனை மீட்டிங், மறுபடி சந்தா பாக்கி. முடிஞ்சதும் நேரா கறிக்கடை. அங்க லைன்ல நிக்கறதுல பாதிப் பேரு நற்கருணை லைன்ல உங்களுக்கு முன்னாடி நின்னவங்கதான்.

(பொண்ணு ஊட்டுல யாராவது மலையாளத்துல பூசை பாக்கறவங்களா இருந்தா பயப்படாதீங்க, அவங்களும் கத்தோலிக்கர்தான், சீரோ மலபார்ங்கற கேரளத்து வழிபாட்டு முறைக்காரங்க. அவங்களுக்கு 2010ல இருந்து ராமநாதபுரம் மறைமாவட்டம்னே தனியா இருக்கு. அந்த ராமநாதபுரம் திருச்சி ரோட்டுல இருக்குங்க, சேதுபதி ஊருன்னு நெனச்சு டிக்கெட் போட்டுறாதீங்க.)

படி 3: ஜெபமாலை

பொழுதோட ஏழரை மணி. எட்டு மணிக்கு சீரியல், அதனால ஆரம்பிச்சா வேகம் எடுத்துரும். 53 அருள் நிறைந்த மரியே, 6 பரலோகம், நடுவுல பாட்டு, கடைசில மாதா பிரார்த்தனை (மாதாவோட பட்டங்களை வரிசையாச் சொல்றது). உங்ககிட்ட ஒரு பத்து மணியைச் சொல்லச் சொல்லி டெஸ்ட் வெப்பாங்க, கையில மணி உருளுதான்னு அப்பத்தா ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே இருப்பாங்க, அதனால பதினொண்ணாவது சொல்லிறாதீங்க, ஒம்பதுல நிறுத்துனா இன்னும் மோசம்.

எந்தக் கிழமைக்கு எந்த மறையுண்மை (இயேசு, மாதா வாழ்க்கைல இருந்து தியானிக்கற சம்பவங்க)ங்கற கணக்கு மனப்பாடமா இருக்கணும். திங்கள், சனி சந்தோஷம், செவ்வாய், வெள்ளி துக்கம், புதன், ஞாயிறு மகிமை. வியாழக்கிழமைதான் வெவகாரம். 2002ல ரெண்டாம் ஜான் பால் ஒளியின் மறையுண்மைகளைச் சேத்து வியாழனுக்குக் குடுத்தாரு, அதுக்கு முன்னாடி வியாழனும் சந்தோஷம்தான். அத்தை ஒளின்னு ஆரம்பிப்பாங்க, அப்பத்தா பழையபடி சந்தோஷத்துல வர்ற கபிரியேல் சம்மனசுன்னு ஆரம்பிப்பாங்க, ஒரே ரூம்ல ரெண்டு ஜெபமாலை ஓடும். இதுல அப்பத்தாவோடது "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க"ங்கற பழைய மந்திரம், அது முடியறதுக்குள்ள மத்தவங்க அடுத்ததுக்குப் போயிருப்பாங்க. நீங்க யார் பக்கமும் சாயாதீங்க. வாயை மட்டும் அசைங்க, "ஆமென்" வர்றப்ப ரெண்டு தடவையும் சத்தமாச் சொல்லுங்க.

பிரார்த்தனைல 2020ல பிரான்சிஸ் பாப்பரசர் மாதாவுக்கு மூணு பட்டம் புதுசா சேத்தாரு, அதுல ஒண்ணு புலம்பெயர்ந்து போறவங்களுக்கு ஆறுதலா இருக்கறவங்கன்னு வரும். தூத்துக்குடி, சிவகங்கைப் பக்கமிருந்து வந்து திருப்பூர்ல லைன் வீட்டுல இருக்கறவங்க அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றதைக் கேட்டிருக்கேன்.

கடைசில வேண்டுதல். இது ஜெபம்னு நெனச்சுக் கண்ணை மூடிறாதீங்க, இதுதான் அந்த ஊட்டு நியூஸ் சேனல். பேரனுக்கு யுகே விசா, பெரியம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், தோட்டத்துல போர் தண்ணி, சின்ன மாமா குடிக்கறதை நிறுத்தோணும் (சின்ன மாமா பக்கத்துலயே முட்டி போட்டிருப்பாரு). உங்களுக்குப் பிரமோஷன் வரலைங்கற சேதி நீங்க சொல்றதுக்கு முன்னாடியே மாதாகிட்டப் போயிருக்கும், உங்க காது கேக்கவே.

படி 4: மாதா ஊட்டுக்கு வர்ற நாள்

ரெண்டு மூணு தெருவுக் குடும்பங்க சேந்தா ஒரு அன்பியம். அக்டோபர் வந்துட்டா மாதா சுரூபத்தை ஊடு ஊடா எடுத்துட்டுப் போயி ஜெபமாலை சொல்வாங்க, இன்னிக்கு உங்க ஊட்டுல வெச்சா நாளைக்குப் பொழுதோட அடுத்த ஊட்டுக்கு. கேக்கறதுக்குச் சுலபமா இருக்கும், ஆனா ஒரு கல்யாணத்துக்கு உண்டான வேலை இருக்குங்க. ஹால் சுவத்துக்குப் பெயிண்ட், டீப்பாய் மேல வெள்ளைத்துணி, பின்னாடி அத்தையோட பட்டுச்சேலையைத் தொங்கவிட்டு சீரியல் லைட்டு, சத்தியமங்கலம் மல்லி அன்னிக்குன்னு பாத்து வெலை ஏறியிருக்கும். பிளாஸ்டிக் சேர் இரவல் வாங்கறது மாப்பிள்ளை வேலை. சேருக்கு அடியில பெயிண்ட்ல எழுதியிருக்கற பேரைப் பாத்துத் திருப்பிக் குடுக்கோணும், மாத்திக் குடுத்தா மூணு மாசம் பேசிக்க மாட்டாங்க.

பலகாரம்தான் விஷயம். வருஷா வருஷம் மாசம் பொறக்கறதுக்கு முன்னாடியே அன்பியத் தலைவி "எளிமையா இருக்கட்டும், டீ மட்டும் போதும்"னு சொல்லிருவாங்க. முதல் ஊட்டுல டீயும் பிஸ்கட்டும் குடுப்பாங்க. அடுத்த ஊட்டுல கொண்டக்கடலை சுண்டல். அதுக்கடுத்த ஊட்டுக்காரங்க சுண்டலோட கேசரி, அப்பறம் பேக்கரி பப்ஸ் வரும், பத்தாவது ஊடு வர்றப்ப சந்தகையும் தேங்காய்ப்பாலும், மாசக் கடைசில உக்கார வெச்சு எலை போட்டிருவாங்க. உங்க ஊட்டு முறை கடைசி வாரத்துல வந்துச்சுன்னா முன்கூட்டியே சீட்டுப் பணம் எடுத்து வெச்சுக்கங்க. பக்கத்து ஊட்டு இந்து அக்காவும் மல்லிப்பூவோட வந்து கையெடுத்துக் கும்பிட்டு நிப்பாங்க, ஜெபமாலை முழுசும் உக்காருவாங்க, நம்மாளுங்க பாதில எந்திரிச்சு போன் பேசப் போறதை எல்லாம் அவங்க பண்ணவே மாட்டாங்க.

சுரூபத்தைத் தூக்கறப்ப கிட்டப் பாருங்க. வலது கை சுண்டுவிரல் ஒடைஞ்சு எம்சீல் வெச்சு ஒட்டி, கலர் தெரியாம இருக்க நெகப்பாலிஷ் அடிச்சிருப்பாங்க. எந்த ஊட்டுல ஒடைஞ்சதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அந்த ஊட்டுக்காரங்க முறை வர்றப்ப மட்டும் வடை ரெண்டா விழும்.

படி 5: வாட்ஸ்அப் குரூப்

பங்கு குரூப், அன்பியம் குரூப், குடும்ப ஜெப குரூப்னு மூணுலயும் உங்களைக் கேக்காமலே சேத்திருப்பாங்க. மியூட் பண்ணிக்கங்க, வெளிய மட்டும் வந்துறாதீங்க, 'மாப்பிள்ளை லெப்ட்'ங்கற ஒரு வரி ஊடு பூராவும் வெசனத்தைக் கெளப்பிரும். காலைல நாலே முக்காலுக்கு வசனம் வரும், கீழ ஏஐல பண்ணுன இயேசு படம், விரலை எண்ணுனீங்கன்னா ஆறு இருக்கும். எண்ணாதீங்க. "ஆமென்" போட்டுட்டுப் படுத்துக்கங்க.

'இதை ஒம்பது பேருக்கு அனுப்பாட்டி கெட்ட சேதி வரும்'னு வர்றதை மட்டும் தயவுபண்ணி அனுப்பாதீங்க. அது ஜெபம் இல்ல, மெரட்டல். திருச்சபையே மூடநம்பிக்கைன்னு தள்ளி வெக்கற சரக்கு. அதே மாதிரிதான் சாவுச் செய்தியும். பிரான்சிஸ் பாப்பரசர் 2025 பிப்ரவரில ஆஸ்பத்திரில சேந்தப்பவே பல குரூப்புல மாலை போட்டு விட்டுட்டாங்க, அவரு ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள்தான் போனாரு. அன்னிக்கு நெஜ சேதி வந்தப்ப "போன தடவையும் இப்பிடித்தான் சொன்னீங்க"ன்னு பதில் போட்ட பெரியவங்களை நான் பாத்தேன்.

டிவி பூசை இன்னொரு தலைவலி. கொரோனா சமயத்துல பழகுனது, மாதா டிவில பூசை ஓடும், இங்க சட்னிக்கு மிக்சி ஓடும். சீக்குல படுத்திருக்கறவங்களுக்கு அது பெரிய ஆறுதல், நல்லா நடமாடறவங்களுக்கு ஞாயிறு கடமைக்கு அது கணக்குல வராது. மச்சினன் மட்டும் இதுல ரொம்ப உஷாரு. 2025 செப்டம்பர் 7ல ஜீன்ஸ் போட்ட பையன் கார்லோ அகுதிஸ புனிதரா அறிவிச்சாங்கல்ல, அன்னில இருந்து "அவரும் பிளேஸ்டேஷன் ஆடுனவருதான்"னு ஆரம்பிச்சுட்டான். வாரத்துக்கு ஒரு மணி நேரந்தான் ஆடுனாருன்னு அத்தை படிச்சு வெச்சிருக்காங்க, அவனுக்கு அது தெரியாது.

படி 6: தவக்காலம்

தவக்காலம் ஆரம்பிக்கற சாம்பல் புதன் அன்னிக்கு நெத்தில சாம்பலோட ஆபீஸ் போனா "என்ன சார், கோனியம்மன் கோயிலா?"ன்னு கேப்பாங்க, ஆமான்னாலும் இல்லைன்னாலும் வெளக்கம் சொல்லணும். சட்டம் கம்மிதான்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி (ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு), அதுவும் 18 வயசுல இருந்து 59 வரைக்கும், கறி தவிர்க்கறது 14 வயசுல இருந்து. ஊட்டுச் சட்டம் வேற, ஈஸ்டர் வரைக்கும் கறிச்சட்டியைக் கவுத்து மேல வெச்சிருவாங்க. சாம்பல் புதன்ல இருந்து எண்ணுனா 46 நாள் வரும், ஆறு ஞாயிறைக் கழிச்சாத்தான் 40, அப்ப ஞாயித்துக்கிழமை கறி தின்னலாமேன்னு ஒரு மாப்பிள்ளை கேட்டானாம், அவனுக்கு அந்த வருஷம் ஈஸ்டருக்கும் பருப்புதான்.

நம்ம ஊர்ல கூடுதல் சோதனை என்னன்னா அதே மாசி பங்குனிலதான் மாரியம்மன் நோம்பியும் கெடா விருந்தும். ஓனர் கூப்பிடுவாரு, பிரெண்டு கூப்பிடுவான், போகாட்டி மரியாதை இல்ல. போங்க, எலைல உக்காருங்க, ரசத்துக்கும் தயிருக்கும் நேரா வாங்க, "இப்ப எங்க நோம்புங்"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கொங்குல நோம்புன்னா யாரும் வற்புறுத்த மாட்டாங்க. மீன் ஓகே, அதனால உக்கடம் மார்க்கெட்டுல நம்மாளுங்க கூட்டம். நெய்மீன் வறுவலும் எறால் தொக்கும் தின்னுட்டு ஒறுத்தல்னு சொல்லிக்கறதெல்லாம் எனக்கு ஒப்பலைங்க, அரிசிம்பருப்புச் சோறு அதை விட யோக்கியமான தவம்.

தண்ணி போடற மாமா இந்த நாப்பது நாளும் தொட மாட்டாரு. பணம் கேக்கறது, பூமி பாகம் பேசறதை எல்லாம் ஈஸ்டர் முடிஞ்சு வெச்சுக்கங்க.

பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கற பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியூர் சாமியாருங்க வருவாங்க. சொந்தப் பங்குச் சாமியாரு முன்னாடி நாலு பேரு, முகம் தெரியாத சாமியாரு முன்னாடி கேட் வரைக்கும் லைன். நீங்க எந்த லைன்ல நிக்கறீங்கன்னு அப்பத்தா பாத்துட்டேதான் இருப்பாங்க.

படி 7: பாஸ்கா ராத்திரி

ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி பூசை இது. தீ மூட்டி, பாஸ்கா திரி ஏத்தி, இருட்டுல ஊர்வலமா உள்ள வந்ததுக்கப்பறம் வாசகம் ஆரம்பிக்கும். முழுசா வாசிச்சா பழைய ஏற்பாட்டுல மட்டும் ஏழு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பைபிள் சங்கீதம் ஒண்ணு. நாலாவதுக்குள்ள பாய்ல பிள்ளைங்க பூராவும் தூங்கிரும், கையில மெழுகுதிரி சாஞ்சு முன்னாடி உக்காந்திருக்கற அக்கா சேலைல சொட்டும், அந்தச் சேலை புதுசு.

இதெல்லாம் எதுக்காகப் பொறுத்துக்கறாங்கன்னா உன்னதங்களிலே பாட்டுக்காக. பீடத்துக்குப் பின்னாடி தெர்மாகோல்ல கல்லறை பண்ணி, பெயிண்ட் அடிச்ச பாறை வெச்சு, உள்ள உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தைக் கப்பி கட்டி நிறுத்தியிருப்பாங்க. இளைஞர் குழுல ரெண்டு பேரு கயித்தைப் பிடிச்சு இருட்டுல உக்காந்திருப்பாங்க. பாட்டு ஆரம்பிச்சதும் எல்லா லைட்டும் எரியணும், மணி அடிக்கணும், வெளிய சரவெடி வெடிக்கணும், புகை கெளம்பணும், ஆண்டவர் மேல வரணும். இந்த அஞ்சும் ஒரே சமயத்துல நடந்து நான் பாத்ததில்லைங்க. வெடி முந்திக்கும், தூங்குன பிள்ளைங்க வீல்னு கத்தும், ஆண்டவர் பாதி எந்திரிச்சு நிப்பாரு, "இழுடா, இழுடா"ன்னு மைக்குல கேக்கும், அப்பறம் ஒரு குலுக்கலோட முழுசா மேல வருவாரு. வந்தார்னா அப்பத்தா கண்ணுல தண்ணி நிக்கும், வருஷா வருஷம். அந்த நேரத்துல சிரிச்சுறாதீங்க. சிரிப்பு வந்தாக் குனிஞ்சு திரியை நேராக்குங்க.

படி 8: வேண்டுதல் பயணம்

வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 கொடியேத்தம், செப்டம்பர் 8 திருநாள். நடுவுல என்னிக்குப் போனாலும் ரூம் கெடைக்காது. வேன்ல போவீங்க, வழில பூண்டி மாதாகிட்ட ஒரு நிறுத்தம், புளிசோத்து டப்பா உங்க மடில. மொட்டை யாருக்குங்கறது மட்டும் கெளம்பறதுக்கு முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கங்க, சில ஊட்டுல மாப்பிள்ளை பேர்ல நேந்துட்டு அங்க போய்ச் சொல்வாங்க.

பக்கத்துலயே வேணும்னா கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா, அக்டோபர்ல தேர். அங்க போனா மாமா வரலாறு சொல்வாரு, இதுக்குக் காது குடுக்கலாம். 1840கள்ல கோயமுத்தூர் மிஷனுக்குத் தலைவரா வந்த பிரெஞ்சுக்கார ஆயர் மரியோன் பிரெசியாக் இந்த ஊர்ல இருந்தவரு. சாதி, சடங்கு விவகாரத்துல மனசு ஒப்பாம பொறுப்பை ராஜினாமா பண்ணிப்போட்டுத் திரும்பிப் போனாரு, 1856ல லியோன்ல ஆப்பிரிக்க மிஷன் சபையை ஆரம்பிச்சு, 1859ல பிரீடவுன்ல போய்ச் சேந்தாரு. அவரு மனசு ஒப்பாம விட்டுட்டுப் போனதை நம்ம மேட்ரிமோனியல்ல இன்னும் ஆர்சின்னு போட்டு அடுத்த கட்டத்துல விடாம நெரப்பிக்கிட்டுத்தான் இருக்கோம். மாமா அந்த எடத்துல வந்ததும் பேச்சை மாத்திருவாரு.

படி 9: பிள்ளைக்குப் பேரு

உங்க ஊட்டுல ஒரு பேரு, அவங்க ஊட்டுல ஒரு பேரு, அப்பத்தா அந்தோணியாருக்கு நேந்த பேரு, மூணும் சேந்து ரிஜிஸ்டர்ல ஏறும், கூப்பிடறது நாலாவது ஒண்ணு. படி 1ல பட்ட பாட்டை நெனச்சுக்கிட்டு ஆதார்லயும் அதையே போட்டுருங்க. ஞானத்தாய், ஞானத்தகப்பனுக்கு 16 வயசு முடிஞ்சு உறுதிப்பூசுதல் வாங்கியிருக்கணும், பெத்தவங்களே நிக்க முடியாது. யாரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாத ஒருத்தர் கோவிச்சுக்குவாரு, அதுக்கு மருந்தில்ல.

படி 10: கிறிஸ்துமஸ் நோம்பி

கேரல் ரவுண்டு ராத்திரி பன்னெண்டு மணிக்கு வரும், கதவைத் தொறந்து வெச்சுத் தூங்காம இருங்க, சாண்டாவுக்குள்ள இருக்கறது மச்சினன்தான், அவனுக்கு வேர்த்துக் கொட்டும், மோர் குடுங்க. கச்சாயமும் முறுக்கும் கேக்கும் அக்கம்பக்கம் குடுக்கறதுக்கு அத்தைகிட்ட லிஸ்ட் இருக்கும், தீவாளிக்கு யாரு ஊட்டுல இருந்து எந்தத் தூக்குப்போசி வந்துச்சோ அதே போசில திரும்பப் போகணும், காலியாப் போகக்கூடாது.

குடில் கட்டறப்ப மணல் சலிச்சுக் குடுங்க, ராகி மொளைக்க வெச்சுக் குடுங்க, லைட்டு ஒயரைப் பிடிங்க. மாட்டை எங்க வெக்கறதுன்னு கருத்து சொல்லாதீங்க. எல்லாம் முடிஞ்சு லைட்டு எரிஞ்சதும் மாமா தோள்ல கை போட்டு "எப்பிடிங்க மாப்ள இருக்குது?"ம்பாரு. நல்லா இருக்குதுங்க மாமான்னு சொல்லி நிறுத்திக்கங்க. "அடுத்த வருஷம் நானே பண்ணிர்றேன்"னு மட்டும் வாய் விட்டுறாதீங்க, அந்த வேலையை மாமாகிட்ட அவரு மாமனாரு ஒப்படைச்சதே அப்பிடித்தான்.